ஒரு கையால் தூக்கியது

அக்கா பெற்ற இரும்புக்கோட்டையே,

யாரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் இந்தக் கதையைத் தொடங்குகிறேன்.

நேற்று உன்னைப் பார்க்கக் கல்லூரி ஜிம்முக்கு வந்தேன் அல்லவா? என் தொப்பை நுழைந்ததும் எடைக்கட்டைகள் எழுந்து நின்று வணங்கின. நீ மட்டும் எலும்பும் தோலுமாய் டிரெட்மில்லில் ஓடிக்கொண்டே, "மனசு சொன்னா உடம்பு கேட்டே ஆகணும் மாமா. பசிகூட வெறும் நெனப்புதான்" என்றாய்.

"உன் மனசு என்ன மேனேஜரா? ஒருநாள் உடம்பு வேலைய விட்டுட்டுப் போயிடும்" என்றேன்.

சிரித்தாய். சிரித்தபடியே சரிந்தாய்.

நான் புலியாகப் பாய்ந்தேன். உன்னை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டு, மூன்று மாடியையும் ஒரே தாவலில் இறங்கி, எதிரே வந்த பேருந்தை மறு கையால் தடுத்து நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஊரே கைதட்டியது.

வார்டு வாசலில் அழுதுகொண்டிருந்த உன் அம்மாகூட, "தண்ணி கேனையே தூக்க மாட்ட, நீயாடா ஒரு கையால தூக்கினே?" என்று சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அவளிடம் வேறென்ன சொல்ல? உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.

எடைக்கட்டைகள் வணங்கவில்லை. பேருந்து நிற்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. சாப்பாடு வந்தால் வேண்டாம் என்று சொல்லாதே, கண்ணு.

ஒரு கையால் தூக்கியது மட்டும் நிஜம்.

உன்
பயந்தாங்கொள்ளி மாமா