இரண்டாம் மாடியில் முழங்கால் சோதனை

அன்புள்ள மகளுக்கு, அப்பா சொல்லச்சொல்ல அண்ணி எழுதுவது. இங்கே என் இருமலைத் தவிர எல்லாம் சுகம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும்.

என் முழங்காலில் ஜெல்லி வைத்தது எந்த வருஷம் என்று போனில் கேட்டாய். ஆற்றுப்பாலம் இடிந்து, அண்ணனுக்கு மூத்தவள் பிறந்து, நீ விமானம் ஏறினாயே, அந்த வருஷம்தான். இடுப்பெலும்பில் ஊசி விட்டு எடுத்த அணுக்களை ஜெல்லியில் கலந்து வைப்பார்கள், அதிலிருக்கும் வளர்ச்சி மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து புதுக் குருத்தெலும்பை வளர்க்கும், ஜெல்லி சும்மா சாரம் மாதிரி, சுவர் எழும்பினதும் தானே கரைந்துவிடும் என்று நீதான் விளக்கினாய். ஆயுசு பூராவும் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினவன், நம்பிக் காலை நீட்டினேன். எனக்குக் கூடியும் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் என் வார்டில் இருந்த பஸ் டிரைவருக்கும் தையல்கார அக்காவுக்கும் மருந்து ஒரே மூச்சில் மொத்தமும் இறங்கி, குருத்து வளரவேண்டிய இடத்தில் கெட்டி எலும்பு முளைத்து, கால் மடங்காமலே போய்விட்டது.

இனிமேல் சொல்லப்போவதுதான் அநியாயம். அறுவைக்குப் பிறகு கால் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் அறையை இரண்டாம் மாடியில் வைத்தார்கள், லிஃப்ட் ஓடி நான் பார்த்ததில்லை. ஏம்மா, இதுல ஏற முடிஞ்சா நான் எதுக்கு உங்ககிட்ட வர்றேன் என்று டிரைவர் கீழே நின்று கத்துவார். மேல வந்தாத்தான் சார் எழுதிக்குவோம் என்று நர்ஸ் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். அக்கா ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்தே பாதிப் படி ஏறி, முடியாமல் அழுதுகொண்டு இறங்கினாள். ஏறிப்போன என் காலைத் தட்டிப் பார்த்து சபாஷ் என்றார்கள். இப்போது அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதின அறிக்கையை நீ போனில் படித்துக் காட்டுகிறாய், சோதனைக்கு வந்த எல்லோருக்கும் குணமாம், வராதவர்கள் தாங்களாகவே விலகிக்கொண்டார்களாம், அதை நம்பி அங்கேயும் ஜனங்களுக்கு அதே ஜெல்லியை வைக்கலாம் என்று, மருந்துக்கு அனுமதி கொடுக்கும் ஆபீசில் இருக்கிற நீ கையெழுத்துப் போடப்போகிறாயாம். தூ! மீதி வசவை எழுதமாட்டேன் என்கிறாள் அண்ணி, நீயே நிரப்பிக்கொள்.

மடங்காமல் போன கால் ஒன்றையாவது உன் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே தாயே. டிரைவர் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார், மடங்காத காலோடேயே போய்ச்சேர்ந்தார். குளிரில் காதை மூடிக்கொண்டு நட, நீ நூறு வருஷம் நன்றாயிரு. டிக்கெட் போட்டதும் சொல், அக்காவிடம் நானே கூட்டிப்போகிறேன், பேக்கரிக்குப் பின்புறம் தரைத்தள வீடு, படியே கிடையாது. எங்கள் வார்டில் படியேற முடியாமல் போனவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது தையல்கார அக்கா ஒருத்திதான்.

கைநாட்டு வைக்கும்
உன் அப்பா