தண்ணீர் பார்க்கப் போன இரண்டு கல்லூரிகள்

மே 19, திங்கள்

தெற்குக் காற்று. நல்ல வெயில். கிழக்குப் பாத்தியில் உப்புத் தண்ணீர் டிகிரி 24. நாளை மறுநாள் உப்பு வாரலாம். வாரும் பலகை ஒன்றின் கைப்பிடி ஆடுகிறது. ஆணி வாங்க வேண்டும்.

மகள் சௌமியாவுக்கு இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டது. புதுச்சேரியில் ஒன்று, சென்னையில் ஒன்று. இரண்டுமே பத்திரிகைப் படிப்பு, மூன்று வருஷம். 30-க்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் ஆசை செ. என் ஆசை பு. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. நான் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. பெற்றவள் கஸ்தூரிதான் எங்களை மாறி மாறிப் பார்த்து, "ஊமைங்க ரெண்டு பேர வச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது?" என்றாள்.

நானே போய் இரண்டையும் பார்த்து வருகிறேன் என்று சொன்னேன்.

"நீ போயி இன்னாப்பா பாப்ப?"

"தண்ணி பாப்பேன்."

சிரித்தாள். சிரிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் பெண் கொடுக்குமுன் அந்த வீட்டுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிப்பது வழக்கம். அக்காவை வானூர்ப் பக்கம் கொடுத்தபோது அப்பா மூன்று சொம்பு குடித்தார். பிறந்ததிலிருந்து உப்பிலேயே கிடக்கிறோம், போகிற இடத்திலாவது பிள்ளை நல்ல தண்ணீர் குடிக்கட்டும் என்றுதான். மூன்று வருஷம் குடிக்கப் போகிறவள் என் பெண்.

மே 21, புதன்

காலையில் வாரி முடித்துவிட்டு 10 மணி பஸ்ஸில் பு. எவ்வளவு கழுவியும் செருப்பில் வெள்ளைக் கோடு போகவில்லை.

கல்லூரி பெரிசு. மரம் நிறைய. பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று பெருக்குகிற அம்மாவிடம் கேட்டேன். உண்டு. தண்ணீர், கேன். பரவாயில்லை.

பத்திரிகைப் பிரிவு எங்கே என்றேன். ஆபீஸில் இருந்தவர் யோசித்தார். "இந்த வருஷம்தாங்க ஆரம்பிக்கிறாங்க. ரூம் இன்னும் ஒதுக்கல." மெஷின் எங்கே என்றேன். "இன்னா மெஷின்?" பத்திரிகை அடிக்கிற மெஷின்தான். அவருக்கும் தெரியவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பஸ் வசதி.

மே 23, வெள்ளி

விடிகாலை பஸ்ஸில் செ. பாத்தி வேலையைக் கஸ்தூரியும் சௌமியாவும் பார்த்துக்கொண்டார்கள். கல்லூரியில் ஒரே புழுக்கம். வாட்ச்மேன் உட்கார நாற்காலி கொடுத்தார். தண்ணீர் கேட்டேன். குடித்தேன். இன்னொரு தம்ளர் கேட்டு அதையும் குடித்தேன்.

இங்கேயும் மெஷினைக் காணோம். தேடிக்கொண்டு நின்றபோது ஒரு பெண் வந்தாள். ஆர்த்தி. சௌமியாவைவிட இரண்டு வயசு கூட இருக்கும். அங்கேதான் படிக்கிறாள். லீவிலும் மாணவர் பத்திரிகை வேலையாம். யாரைத் தேடுகிறீர்கள் என்றாள். மெஷினை என்றேன். கையில் இருந்த போனைத் தூக்கிக் காட்டி, "இதாங்க மெஷின்" என்றாள்.

பிறகு என் செருப்பைப் பார்த்தாள். "இது சுண்ணாம்பாங்க?" உப்பு என்றேன். அவ்வளவுதான். படிக்கட்டில் உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். முப்பது வருஷமாக உப்பில் நிற்கிறேன். வெடித்த பாதத்தில் உப்புத் தண்ணீர் ஏறினால் எப்படி இருக்கும் என்று ஒருத்தர் கேட்டதில்லை. இவள் கேட்டாள். கேட்டுவிட்டு, நான் சொல்லும்வரை பேசாமல் காத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் சௌமியாவும் இப்படித்தான் கேட்பாள். நான்தான் "போ, போயி படி" என்று விரட்டிவிடுவேன்.

எதற்கு வந்தீர்கள் என்று கடைசியில் கேட்டாள். சொன்னேன். என்னென்னவோ சொன்னேன். எழுதியதை அனுப்புகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது மூன்று மணி நேரம் பஸ்ஸில் ஜன்னலோரம். கல்பாக்கம் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டேன். நல்ல முடிவு இல்லை.

வீட்டில் நுழைந்ததும் இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"பாண்டி தண்ணி பரவால்ல. மெட்ராஸ் தண்ணி உப்பு. வாயில வைக்க முடியல."

இந்த நோட்டிலாவது உண்மையை எழுத வேண்டும். செ. தண்ணீர் நன்றாக இருந்தது.

மே 24, சனி

காற்று நிலையாக இல்லை. டிகிரி பார்க்கவில்லை. மறந்துவிட்டேன்.

சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன். பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் போடவில்லை. "உனக்குத் தெரியாததாப்பா? பாண்டியே போறேன்." அவ்வளவுதான்.

உப்பு விஷயத்தில் என் நாக்குக்கு இந்த ஊரில் எதிர்ப்பேச்சு கிடையாது. விரலைத் தொட்டு நாக்கில் வைத்து டிகிரி சொல்வேன், மற்ற மேஸ்திரிகளே வந்து கேட்பார்கள். அந்த நாக்கை வைத்துப் பெற்ற பிள்ளையை ஏமாற்றினேன்.

கஸ்தூரி: "புள்ள சாப்பிடல. நீங்களும் சாப்பிடல. இன்னா ஆச்சு ரெண்டு பேருக்கும்?"

வெயில் என்றேன்.

மே 27, செவ்வாய்

மதியம் திடீரென்று மேகம், இடி. எல்லோரும் ஓடி உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டோம். ஐந்து நிமிஷத் தூறலோடு போய்விட்டது. நல்லவேளை.

தார்ப்பாயின் அந்த முனையில் சௌமியா, இந்த முனையில் நான். "பாண்டின்னா மழை வந்தா ஓடி வந்துடலாம் இல்லப்பா" என்றாள். என்னைத் தேற்றுகிறாளா, தன்னையே தேற்றிக்கொள்கிறாளா தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போட்ட முடிச்சையே அவிழ்த்து இன்னொரு தடவை போட்டேன்.

இன்னும் மூன்று நாள்.

மே 28, புதன்

ஆணி வாங்கியாயிற்று. ஆர்த்தி எழுதியது வந்துவிட்டது.

பேருக்குத்தான் என் போன், எப்போதும் சௌமியா கையில்தான் இருக்கும். நான் வீடு வருவதற்குள் திறந்துவிட்டாள். "அப்பா! உன்ன பத்தி எழுதிக்கிறாங்கப்பா!" அம்மாவை உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தாள். என் கால், என் பலகை, இருட்டோடு எழுந்து வேலைக்குப் போவது. கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இதெல்லாம் எங்கிட்ட ஒரு நாள் சொன்னதில்லயே நீங்க."

கடைசிக்கு வந்ததும் சௌமியாவின் குரல் நின்றது. "அவ்ளோதாம்மா" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போனாள்.

நான் எடுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான் இல்லை. இன்னும் இருந்தது.

'எங்கள் கல்லூரித் தண்ணீரை இரண்டு தம்ளர் குடித்திருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்குதும்மா. அதான் பயமா இருக்குது" என்றார்.'

என் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மாவிடம்கூட. வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

மே 29, வியாழன்

விடிகிற நேரத்தில் பாத்திக்குக் கூடவே வந்தாள். நான்தான் ஆரம்பித்தேன்.

"கடைசில இருந்தத ஏன் படிக்காம வுட்ட?"

"அது எனக்கு எழுதினதுப்பா."

"பொய் சொல்லிட்டேன்டி."

"தெரியும்."

"மெட்ராஸே போ."

வரப்பில் நின்று அழுதாள். நானும்தான். பின்னால் தூக்குவாளியோடு வந்த கஸ்தூரி, "காலங்காத்தால இன்னா ஒப்பாரி?" என்று அதட்டினாள். எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்துத் தோரணம் கட்டப் போகிறாள் என்று நின்றேன். அவளோ மகளைப் பார்த்து, "பக்கெட் வாங்கணும். ஹாஸ்டல்ல பக்கெட் குடுக்க மாட்டாங்க" என்றாள். எனக்கு மட்டும் கஞ்சி ஊற்றவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன்.

11 மணிக்கு செ. என்று உறுதி செய்தாயிற்று. கிழக்குப் பாத்தி டிகிரி 25.

ஜூன் 23, திங்கள்

மேகமூட்டம். ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். கொண்டுபோனது: பக்கெட், பாய், தலையணை, நோட்டுகள், கருவாடு (கஸ்தூரி துணிக்குள் ஒளித்து வைத்தது), நம் பாத்தி உப்பு ஒரு டப்பா. அது சௌமியா தானே எடுத்து வைத்துக்கொண்டது.

போன் சாயங்காலத்திலிருந்து என் கையிலேயே இருக்கிறது. பழக்கமில்லை. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

7 மணிக்கு அவள் புதுப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"தண்ணி எப்படி இருக்குது?"

அந்தப் பக்கம் ஒரு மடக்குக் குடிக்கிற சத்தம் கேட்டது.

"உப்புப்பா. வாயில வைக்க முடியல."

எழுந்துவிட்டேன். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து ஒரு கையையும் நுழைத்துவிட்டேன். அப்புறம்தான் அவள் சிரிப்பது கேட்டது.