நீ நிறுத்திவைத்த ஞாயிற்றுக்கிழமை

சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் இன்றைக்கும் முதலில் மூக்கில் ஏறுவது உன் நீலகிரித் தைல வாசனைதான். ஏசி குளிருக்காக நீ கொண்டுவந்து மாட்டிய பழுப்பு ஸ்வெட்டர் கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்து, "மேடம், இது அவங்களோடதுங்களா?" என்று கேட்டாள். உன்னைப் பார்த்தே இராதவள். அவளுக்குக்கூட நீ 'அவங்க'. எனக்குச் சுருக்கென்றது.

நீ இருந்தவரை வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொண்டோம். இந்த எழுத்தில் மட்டும் நீ என்கிறேன். பொறாமையை மரியாதை போட்டு எழுத எனக்கு வரவில்லை.

பீளமேட்டில் இந்த பம்ப் கம்பெனியில் இருவரும் ஒரே வாரம்தான் சேர்ந்தோம். ஒரே படிப்பு, ஒரே பதவி, அடுத்தடுத்த மேசை. வேலையில் நான்தான் வேகம். அதை நீயே எல்லோரிடமும் சொல்வாய். ஆனால் மீட்டிங்கில் நான் ஒன்று சொன்னால், "நல்லாப் பாத்துட்டீங்களாங்க?" என்பார்கள். அதையே நீ சொன்னால் தலையாட்டுவார்கள். கேன்டீன் அக்கா உனக்கு மட்டும் வடை எடுத்துவைப்பார். நீ கேட்டதே கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? ஆலை விடுமுறை. நம் டொமைனின் லெவலை உயர்த்த நாள் குறித்திருந்தோம். எம்.டி. வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். "அப்படின்னா என்னதாங்க பண்றீங்க?" என்றார். நீதான் சொன்னாய். "கம்பெனிக்குள்ள யாரு நுழையலாம், யாரு கூடாதுன்னு பாத்துச் சொல்றது சில சர்வருங்க சார். அதெல்லாம் இப்பப் பழைய முறையில பேசிட்டிருக்குது. இனிப் புது முறையிலதான் பேசணும்னு முடிவு கட்டப்போறோம். கட்டிட்டா, பழைய சர்வர் எதுவும் அப்புறம் கூட்டத்துல சேர முடியாது. திரும்பி வர்றதும் லேசில்ல."

தயாரிப்பெல்லாம் என்னுடையது. பீளமேடு, கிணத்துக்கடவு வார்ப்பாலை, இரண்டு இடத்துச் சர்வர்களையும் புதிதாக்கியிருந்தேன். பேக்கப் எடுத்திருந்தேன். பாக்கி இருந்தது, கம்பெனிக்குச் சொந்தமான வால்பாறை எஸ்டேட் ஆபீஸின் பழைய சர்வர் ஒன்று. அங்கிருந்து இணைப்பு அறுந்து வெகுகாலம். திரையில் அதன் பெயருக்கு எதிரே எப்போதும் சிவப்பு. பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது. செத்துப்போனது என்றே எல்லோரும் வைத்திருந்தோம். அதன் பெயரை நீக்கிவிட்டால் பாதை திறந்துவிடும். நீக்கப் போனேன்.

"அம்மணி, ஒரு நிமிசம். அது செத்துப்போச்சுன்னு யாருங்க சொன்னது?" என்றாய்.

"லைனே இல்லைங்களே."

"லைன் இல்ல, சரி. பெட்டி?"

எம்.டி.யின் முன்னால் எனக்கு முகம் சூடானது. நீ பாட்டுக்கு எஸ்டேட் கிளார்க் ஆரோக்கியசாமியை போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாய்.

"ஏனுங்க அண்ணா, அந்த மூலைப் பெட்டி ஓடுதுங்களா?"

"ஓடாம என்னங்க? அதுல பாஸ்வேர்டு போட்டுத்தானுங்க எல்லாரும் உள்ள போறோம். புது ஆளுங்க பேரக்கூட அதுலதான் சேத்துப்போட்டேன்."

நான் நீக்கியிருந்தால் அந்தச் சர்வர் அங்கே தனியாக ஓடிக்கொண்டிருக்கும், இங்கே அதற்கு இடம் இருந்திருக்காது. பிறகு லைன் வந்த அன்றைக்கு எஸ்டேட்டில் ஒருவரும் நம் நெட்வொர்க்குக்குள் நுழைந்திருக்க முடியாது.

"இன்னைக்கு வேண்டாங்க சார். எனக்குப் பயமா இருக்குது" என்றாய்.

எம்.டி. எழுந்து, "சரிம்மா, நீங்க சொன்னாச் சரி" என்று கிளம்பிவிட்டார். ஒரு கேள்வி இல்லை. நான் சொல்லியிருந்தால் விடுவாரா?

அந்த வாரமே இருவரும் பொள்ளாச்சி போய் வால்பாறை பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குடல் வெளியே வந்தது. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். அதற்கும் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பாய். எஸ்டேட்டில் அந்தச் சர்வரில் மட்டும் இருந்த பெயர்களை எடுத்துவைத்தோம். அதைப் பொறுப்பிலிருந்து இறக்கி, பிறகு அதன் பெயரை நீக்கினோம். லைனைச் சரிசெய்யவைத்து, அங்கே புதிய சர்வர் ஒன்றை வைத்து, பெயர்களைத் திரும்பச் சேர்த்தோம். சிவப்பு முழுக்கப் போன பிறகு, வேறொரு ஞாயிறு மதியம் லெவலை உயர்த்தினோம். ஒரு தொல்லையும் இல்லை.

மலை இறங்கும்போது கேட்டேன், "எப்படிங்க தோணுச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் தோணலைங்க அம்மணி. பயந்தேன். நீங்களும்தான் பயந்தீங்க. நான் வாய்விட்டுச் சொல்லிப்போட்டேன், அவ்வளவுதான்."

அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை. கட்டளைகளைப் படித்துக்கொள்ளலாம். எம்.டி. முன்னால் பயமாயிருக்கிறது என்று சொல்லியும் மதிப்புக் குறையாமல் நிற்பதை எங்கே போய்ப் படிப்பது?

பிறகு உனக்கு ரத்தத்தில் நோய் என்றார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோட்டைமேட்டில் உன் வீட்டுச் சந்தில் நிற்க இடமில்லை. கேன்டீன் அக்கா, வாட்ச்மேன், வார்ப்பாலை ஆட்கள், எம்.டி.யின் அம்மா. கேன்டீன் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். எனக்காக இந்த அக்கா இப்படி அழுவாரா என்று அப்போது, அந்த இடத்தில், நினைத்தேன். நினைப்பை நிறுத்த முடியவில்லை. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

இந்த மாதம் லெவலை மறுபடி உயர்த்தவேண்டி வந்தது. இம்முறை நீ இல்லை. எல்லாச் சர்வர்களையும் புதிதாக்கினேன். ஒவ்வொரு இடத்துக்கும் போன் போட்டு, மூலையில் ஓடும் பெட்டி ஏதாவது உண்டா என்று கேட்டேன். பேக்கப்பைத் தனியாக, வெளித்தொடர்பு இல்லாத இடத்தில் உயிர்ப்பித்து, முதலில் அதில் உயர்த்திப் பார்த்தேன். அங்கே ஒரு பழைய சாஃப்ட்வேர் யாரையும் உள்ளே விடாமல் முரண்டு பிடித்தது. நேராக எம்.டி.யிடம் போய், "இந்த வாரம் வேண்டாங்க சார், எனக்குப் பயமா இருக்குது" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நல்லாப் பாத்துட்டீங்களாங்க?" என்றார்.

அதைச் சரிசெய்து அடுத்த வாரம் முடித்தேன். எல்லா இடத்திலும் பச்சை. எஸ்டேட்டுக்கு போன் செய்தேன்.

"எல்லாம் நல்லா ஓடுதுங்க மேடம்" என்றார் ஆரோக்கியசாமி. "அந்தம்மா இருந்திருந்தா நேர்லயே வந்து பாத்துட்டுப் போயிருப்பாங்க."

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். வீம்புதான், வேறென்ன. வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். எஸ்டேட் ஆபீஸில் ஒவ்வொருவரையும் உள்ளே நுழைந்து காட்டச் சொன்னேன். எல்லோரும் நுழைந்தார்கள். ஆரோக்கியசாமி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஆரம்பித்தார். நீ அடிக்கடி போன் செய்வாயாம். லைன் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, அவர் மகளின் நர்சிங் படிப்பைப் பற்றிக் கேட்பாயாம். ஆஸ்பத்திரியிலிருந்துகூடச் செய்தாயாம்.

பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியாத ஒன்று, மலைமேல் இருக்கிற இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. வயிறு எரிந்தது. டீ ஆறிப்போனது.

"அப்புறம் என்னங்க பேசுவாங்க?" என்று கேட்டேன்.

கடைசி பஸ் வரும்வரை சொன்னார். அதே எரிச்சலோடுதான் மலை இறங்கினேன். அது தணியவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. அது இருக்கிறவரை, என் பக்கத்து மேசையில் ஆள் இருக்கிறது.