மகளை மல்லாக்கப் படுக்க வைத்தீர்கள்

மகளின் குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் நேற்று ஒரு குட்டி மெத்தையும் தலையணையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரித்ததும் புது இலவம்பஞ்சின் வாசம் அறை முழுக்கப் பரவியது. இரண்டையும் எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். "ஏம்மா?" என்றாள் மகள். நீங்கள் இருந்தவரை, அண்ணனைப் பற்றி அவளுக்கு எப்போதும் நீங்கள்தான் சொல்வீர்கள். இந்த முறை நான் சொன்னேன்.

துடியலூரில் நாம் குடியிருந்த வீட்டில் இதே வாசம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். நம் பையன் அப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தான். குப்புறப் போட்டால்தான் தூங்குவான். அன்று மதியமும் பஞ்சு மெத்தையில் அப்படித்தான் தூங்கினான். நான் சமையலறையில் இருந்தேன். லேத் பட்டறையிலிருந்து சாப்பிட வந்த நீங்கள் அவனைத் தூக்கினீர்கள். அப்போது என்னைக் கூப்பிட்டீர்களே, அந்தக் குரலை எழுத எனக்கு வராது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. காலையில் சிரித்த பிள்ளை.

துக்கத்துக்கு வந்த உங்கள் பெரியப்பா எல்லார் முன்னாலும், "பால் குடுக்கறப்ப கண்ணசந்து அமுக்கிப்போட்டாளாட்ட இருக்குது" என்றார். அழுதுகொண்டிருந்த நீங்கள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"அவ அடுப்படியில இருந்தாளுங்க. நாந்தான் பையனத் தூக்குனேன். இனி யாரும் இந்தப் பேச்சுப் பேசாதீங்க."

ஆனாலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. காரமடையில் ஒரு கல்யாணத்தில், உறவுக்காரி ஒருத்தி என் மடியில் இருந்த தன் குழந்தையை அவசரமாக வாங்கிக்கொண்டாள். வீடு வரும்வரை பஸ்ஸில் என் கையை நீங்கள் விடவே இல்லை.

மறுபடி நான் முழுகாமல் இருந்தபோது கோயமுத்தூரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். என்னை முந்திக்கொண்டு நீங்கள் கேட்டீர்கள். "நான் ஊட்டுக்குள்ள சிகரெட் குடிப்பனுங்க, டாக்டரம்மா. அதுனாலயா போயிட்டான்?"

அவர் சற்று யோசித்துத்தான் பேசினார். "அதுனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. தூக்கத்துல இப்படிப் போற கொழந்தைகளுக்கு நிறையத் தடவ காரணமே தெரியறதில்ல. ஆபத்தக் கூட்டுறது சிலது இருக்கு, பொகையும் அதுல ஒண்ணு. இவங்க வயித்துல சுமக்கறப்பவும் பொக ஆகாது. பொறந்ததும் மல்லாக்கவே படுக்க வையுங்க. படுக்கை கெட்டியா இருக்கட்டும். தலகாணி வேண்டாம், மூடி மூடிப் போர்த்த வேண்டாம். உங்க ரூம்லயே, ஆனா தனியாப் படுக்கட்டும். தாய்ப்பால் குடுங்க."

"இத்தனையும் செஞ்சா ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஆபத்து கொறையும். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க முடியாதுங்க."

அன்றோடு சிகரெட்டை விட்டீர்கள். சுலபமாக இல்லை. கொத்தமல்லி விதையை மென்றுகொண்டு எல்லார்மேலும் எரிந்து விழுந்தீர்கள். பட்டறையில் மற்றவர்கள் புகைப்பார்கள் என்று, மகள் பிறந்த பிறகு குளித்துச் சட்டை மாற்றித்தான் அவளைத் தொடுவீர்கள். அவளை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பீர்கள்.

பெரியப்பா பார்க்க வந்தார். தொட்டிலருகே நின்று பீடியைப் பற்றவைத்தார். அவர் முன்னால் உட்காரக்கூடத் தயங்கும் நீங்கள், "பெரியப்பா, வெளிய போயிக் குடிங்க" என்றீர்கள்.

"நாங்க வளத்தாத கொழந்தையாடா?"

"ஒருத்தனப் பறிகுடுத்துட்டனுங்க. இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தாங்க மாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. மகளின் முதல் பிறந்தநாளன்றுதான் வந்தார். பீடிக்கட்டை வாசலிலேயே வைத்து, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தார். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அம்மணி" என்றார் என்னிடம். நீங்கள் மகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தீர்கள்.

இன்று காலை பேத்திக்குத் தடுப்பூசி போடக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். யார் கேட்டாலும் ஒரே பதில்தான் நீங்கள் சொல்வீர்கள். அப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

"ரெண்டுங்க" என்றேன். "மூத்தவன் பையன்."