தோல் வரைக்கும் மஞ்சள்

மாப்பிள்ளை,

இன்று காலை ஓட்டல் குசினியில் ஒரு சேவலைக் கொதிநீரில் முக்கி எடுத்தேன். நனைந்த இறகின் வாடை முகத்தில் அடித்தது. தினமும் கோழி உரிக்கிறவனுக்கு அது பழகிய வாடைதான். ஆனால் இன்றைய சேவல் மஞ்சள். முதுகு இறகை ஒரு பிடி பிடுங்கியதும் அடியில் வெள்ளை தெரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்து, செத்த கோழிக்கு என்ன வைத்தியம் பார்க்கிறாய் என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

என் தங்கை காமாட்சியைக் கட்டிக்கொண்டு நீ பங்களாவுக்குக் கோழிக்காரனாக வந்தபோது நான் அங்கே சமையலில் இருந்தேன். கொட்டகலைக்கு மேலே, எப்போது பார்த்தாலும் பனி மூடிக் கிடக்கும் அந்தத் தோட்டம். துரைக்கு அந்தப் பெரிய கோழிகள் மேல் பைத்தியம். நிறத்தை வைத்து அவர் வாயில் அது 'பஃப்'. ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் மஞ்சக்கோழி. நுவரெலியாவில் சீசனுக்கு நடக்கும் கண்காட்சியில் கோப்பை வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. கொஞ்ச நாளில் அவரைவிட உனக்கு அந்த ஆசை முற்றிப் போனது.

மேலே பார்த்தால் எல்லாக் கோழியும் மஞ்சள்தான். துரை வந்து முதுகு இறகை வாயால் ஊதிப் பிரிப்பார். அடியில் தோலை ஒட்டி வெள்ளை தெரிந்தால் தலையை ஆட்டுவார். அன்றைக்கே அது என் சட்டிக்கு வந்துவிடும். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் நிற்பாய். நீ வளர்க்கிறாய், நான் வதக்குகிறேன், நல்ல குடும்பம் என்று உன்னைச் சீண்டுவேன். நீ சிரிக்க மாட்டாய். எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு சேர்த்தது பிசகு என்று உனக்குள்ளேயே முணுமுணுப்பாய். நிறம் கூடினால் குஞ்சின் வாலில் கரி ஏறும், குறைந்தால் இறக்கையில் வெள்ளை விழும், நடுவில் நிற்பதுதான் பாடு என்பாய்.

வெயில் பட்டால் வெளுக்கும், மழை பட்டால் திட்டுத் திட்டாகும் என்று அந்தக் கோழிகளுக்குப் பலகைத் தளம், புதுத் தகரம், நாலு பக்கமும் சாக்குத் திரை. உன் ஒற்றை அறைக் காம்பராவில் மண் தரை. கூரை ஒழுகிய இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, மழையில் நனைந்து ஓடிப் போய்க் கோழிக்கூட்டுச் சாக்கை இழுத்து மூடுவாய்.

அந்த ஆடி மழையில்தான் உன் மகள் ராக்குவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டிஸ்பென்சரி மருந்துத் தண்ணீருக்கு அது கேட்கவில்லை. காமாட்சி, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் எந்திரச் சக்கரத்துக்குக் காவலாக இருக்கிற ரோதை முனிக்கு வேண்டிக்கொண்டாள். ஒரு மறு இல்லாத மஞ்சள் சேவல் அறுக்கிறேன், பிள்ளையை விட்டுவிடு என்று. தினமும் அந்தக் கோழிகளையே பார்த்துப் பழகியவள் வாயில் வேறு என்ன வரும்?

நல்ல கோழிகளுக்கெல்லாம் துரை காலில் வளையம் போட்டிருந்தார். ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடும். அவள் வேண்டிக்கொண்ட அன்று காலைதான் துரை கழித்துவிட்ட ஒரு சேவல் குசினிக்கு வந்திருந்தது. வெளியே பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. அடியில் மட்டும் வெள்ளை. நீ கேட்டாய், கொடுத்தேன். கொட்டுகிற மழையில் அதை அறுத்துப் படைத்தோம். அந்த வாரமே ராக்கு போய்விட்டாள்.

குழியை மூடிவிட்டுத் திரும்பும் வழியில்தான் நீ வாயைத் திறந்தாய்.

"சாமி எறகப் பிரிச்சுப் பாத்திருச்சு மச்சான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாமி என்ன நுவரெலியாவில் கோப்பை கொடுக்க வந்த வெள்ளைக்காரனா என்று கேட்டேன். பிள்ளையைக் கொன்றது ஒழுகுகிற கூரையும் ஈரத் தரையும் என்று நடுரோட்டில் நின்று கத்தினேன்.

"தொர வேணாமுன்னு தள்ளுனதத்தானே சாமிக்குக் குடுத்தோம்," என்றாய்.

அதன் பிறகு நீ பேசுவதே குறைந்துவிட்டது. கூடே கதி என்று கிடந்தாய். கடைசியில் ஒரு சேவல் வந்தது. எங்கே ஊதிப் பார்த்தாலும் தோல் வரைக்கும் மஞ்சள். இறக்கையை விரித்தால் உள்ளேயும் அதே மஞ்சள். துரை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு முதல் தடவையாக உன் தோளில் தட்டினார். நுவரெலியாவுக்குப் போகப் புதுக் கூண்டு செய்தார்கள். தேயிலை விலை விழுந்து, காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடாத ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. உன் பெயரை யாரும் வெட்ட மாட்டார்கள், சேவல் உன்னைக் காப்பாற்றிவிடும் என்று லயமே பேசியது. காமாட்சி அப்போது நிறைமாதம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் விடிகாலை நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். நீ வாசலில் வந்து நின்றாய். சட்டையெல்லாம் இரத்தம்.

"குடுத்துட்டேன் மச்சான். இந்தப் புள்ளையாவது நிக்கட்டும்."

சேவலின் கால் வளையத்தை என் கையில் வைத்து, துரையிடம் கொடுக்கச் சொன்னாய். நரி தூக்கிக்கொண்டு போய்விட்டதென்று சொல்லிவிடு, நானும் சாட்சி சொல்கிறேன் என்று கெஞ்சினேன்.

"சாமிக்குக் குடுத்தத நரி தின்னுருச்சுன்னு எப்படிச் சொல்றது?"

துரை கத்தவில்லை, கை ஓங்கவும் இல்லை. மத்தியானத்துக்குள் கணக்குத் தீர்த்து வெளியே அனுப்பும் பத்துச்சீட்டு வந்தது. வேலையும் போனது, காம்பராவும் போனது. நிறைமாதக்காரியை நடத்திக்கொண்டு நோர்வூட் வரைக்கும் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினாய். இருக்கிற ஆளையே அனுப்பிக்கொண்டிருக்கிற நேரத்தில் எந்தக் கங்காணி உன்னைச் சேர்ப்பான்? கடைசியில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ரோட்டு வேலை கிடைத்தது. இருக்க ஒரு கொட்டகை. அங்கேதான் உன் சின்ன மகள் பிறந்தாள். நீ அவள் முகத்தைப் பார்த்தாய். அடுத்த மழைக்குள் ராக்குவை எடுத்துக்கொண்டு போன அதே சளி உன்னையும் கொண்டு போய்விட்டது. சேதி கேட்டு நான் வந்து சேர்ந்தபோது உன் மேல் இரண்டு சாக்கு போர்த்தியிருந்தது. கோழிக்கூட்டுக்கு நீ கட்டிய சாக்கு அதைவிடத் தடிப்பாக இருந்தது, மாப்பிள்ளை. அன்றோடு பங்களா வேலையை விட்டேன்.

இப்போது காமாட்சியும் பிள்ளையும் என்னோடு ஹட்டனில் இருக்கிறார்கள். முனியம்மா என்று பெயர் வைத்தோம். நன்றாக ஓடியாடுகிறாள், வாய் அடங்காது, மூக்கு உன் மூக்கு. நீ கொடுத்ததால்தான் பிள்ளை நின்றது என்கிறாள் காமாட்சி. உன்னை விலையாக வாங்கிக்கொண்ட சாமியை நான் கும்பிட மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் பாட்டுக்கு வருஷா வருஷம் முனிக்கு ஒரு சேவல் அறுக்கிறாள். அதை வாங்கி வருவது மட்டும் என் பொறுப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். முனியம்மாவும் கூட வந்தாள். நல்ல சேவல் ஒன்றைக் கையில் எடுத்தேன். எடுத்தவுடன் என் வாய் தானாகக் குவிந்து அதன் முதுகில் ஊதுகிறது. விற்கிறவனுக்குச் சிரிப்பு. உள்ளே என்னய்யா தேடுறீங்க, கொழம்புல எறகா போடப் போறீங்க என்கிறான். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் வெள்ளை. நாட்டுக்கோழிக்கு அது இல்லாமல் இருக்குமா? போகட்டும் என்று காசை எடுக்கக் கையை மடியில் விட்டேன்.

பக்கத்தில் நின்ற முனியம்மா இருமினாள்.

சேவலைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து ஊதினேன்.