ராஜாவின் கன்னத்தில் ஒரு ரேகை

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அப்பாவைத் தவிர. பேச்சு குறைந்துவிட்டது, அதிகாரம் மட்டும் குறையவில்லை. தன்னுடைய பழைய வெள்ளிக் காசுகளை ஏலத்துக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார். அதுவும் நீங்கள் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான். "தரம் பாக்க அவனைவிட்டா எவனுக்கு என்ன தெரியும்?" என்கிறார். உங்களைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை! வேறு யாராவது பேசினார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

தனி உறையில் இருக்கும் காசை மட்டும் "லென்ஸ் வச்சு நிதானமா பாக்கச் சொல்லு" என்றார். எதையும் தேய்க்கவில்லை, கவலைப்படாதீர்கள். என் மனைவி பளபளப்பாக்குகிறேன் என்று பல்பொடியோடு வந்தாள், விரட்டிவிட்டேன்.

அப்பாவுக்கும் சேர்த்து ஒரு வரி எழுதுங்கள். காட்டிக்கொள்ளாவிட்டாலும் எதிர்பார்க்கிறார்.

அன்புத் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

காசுகள் வந்தன. சொந்த வீட்டுப் பொருளுக்கு நான் விலை வைக்கக்கூடாது என்பது இங்கே விதி. பக்கத்து மேசைக்காரர் வைப்பார். தரத்தைச் சொல்லத் தடையில்லை. பெரும்பாலானவை கைமாறித் தேய்ந்தவை. காசிலுள்ள ராஜாவுக்குக் காது மழுங்கி, தலை வழுக்கையாகிவிட்டது. இரண்டை யாரோ மெருகேற்றிக் கெடுத்திருக்கிறார்கள். அது பழைய குற்றம். உன் மனைவி மேல் பழியில்லை.

தனி உறைக் காசு வேறு ரகம். புழங்கவே இல்லை. அச்சடித்த அன்றைய பளபளப்பு அப்படியே இருக்கிறது. குறை ஒன்றுதான்: ராஜாவின் கன்னத்தில் கறுத்த விரல் ரேகை. அதற்காகவே விலை பாதியாக இறங்கும்.

நீ அப்போது கைக்குழந்தை. அந்தக் காசைப் பார்க்க வந்தவர்கள் முன்னால்தான் அப்பா ரேகையைக் கவனித்தார். சற்றுமுன் பெட்டியைத் திறந்திருந்த என்னைக் கூப்பிட்டு அறைந்தார். "இந்தக் கை தொட்டது எதுவும் விளங்காது" என்றார். அந்த வாக்கியத்தோடுதான் படித்தேன், இந்த வேலைக்கு வந்தேன், வீட்டுக்கு வராமலும் இருக்கிறேன்.

வெள்ளியில் விரல் பட்ட அன்றே ரேகை தெரியாது. வியர்வை மெல்ல அரித்துக் கறுக்க வருஷங்கள் ஆகும். வேலையில் சேர்ந்த புதிதிலேயே கற்றுக்கொண்ட பாடம். ஆகவே அது என்னுடையதல்ல என்று எப்போதோ தெரியும். யாருடையது என்று நேற்றுத்தான் தெரிந்தது. பெரிய கட்டைவிரல், குறுக்கே வெட்டுத் தழும்பு. நம் வீட்டில் அப்படி ஒரு விரல்தான் உண்டு.

அவருக்கும் சேர்த்து எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன்.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டைவிரல் வந்த இடத்தில் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"உங்கண்ணன் கண்டுபிடிச்சிட்டானா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"அவன் கோவிச்சுக்கிட்டுப் போனப்புறம் லென்ஸ்ல பாத்தேன்."

"அப்பவே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே!"

"நான் சொன்னா நம்புவானா அவன்? காசு சொன்னா நம்புவான்."

இதற்கு மேல் மன்னிப்பு என்று அவர் வாயில் எதுவும் வராது. உங்களுக்கும் அதே வாய்தானே, அண்ணா. அந்தக் காசை மட்டும் விற்க வேண்டாமாம். ரேகையை எடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார். டாக்டர் இப்போதெல்லாம் எதுவும் உறுதியாகச் சொல்வதில்லை. உடனே கிளம்பி வாருங்கள்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

மற்றவை ஏலத்துக்குப் போகின்றன. தனிக் காசைப் பட்டியலிலிருந்து எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ரேகையை எடுக்க முடியும். மருந்தில் முக்கினால் போய்விடும். கூடவே பளபளப்பும் போய்விடும். யாருக்கும் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

நான் வரவில்லை. கோபம் என்று சொல், பொய்யில்லை.

இங்கே காசை விளிம்பில்தான் பிடிப்போம். முகத்தைத் தொட்டவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டியதில்லை. உறையில் போடுமுன் கையுறையைக் கழற்றிவிட்டு, அவர் ரேகைக்குப் பக்கத்தில் என் கட்டைவிரலை அழுத்தி வைத்தேன். இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. கறுக்க வருஷங்கள் ஆகும்.

அப்பாவிடம் சொல்லிவிடு. இந்தத் தடவை தொட்டது நான்தான். அடியை முன்பே வாங்கிக்கொண்டுவிட்டேன்.

அண்ணன்