ரம்பத்துக்குப் பக்கத்தில் தூங்கிய பாப்பா

என் அருமை மகளுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பதாக உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் எங்களுக்கு நிம்மதி. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் உன் காது மெஷினில் என் பேச்சு பாதிதான் விழும், மீதிப் பாதிக்காக நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் முதலில் செய்தி போகும். இது முதலில் உனக்குத்தான் வர வேண்டும் என்று பேனாவை எடுத்தேன், நாலு நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் ஆஸ்பத்திரி வண்டியில் சலவைத் துணியும் ரத்தக் குப்பிகளும் ஏற்றி இறக்குவது உனக்குத் தெரியும். அங்கே பிரசவ வார்டில் போன வருஷத்திலிருந்து பிறந்த இரண்டாம் நாளே குழந்தைக்குக் காதைச் சோதிக்கிறார்கள். தூங்கும் குழந்தையின் காதில் பட்டாணி அளவு முனை ஒன்றை வைத்தால், சில நிமிஷத்தில் சரியாக இருக்கிறது அல்லது மறுபடி பார்க்க வேண்டும் என்று மெஷின் காட்டிவிடும். மறுபடி என்றால் காது கேட்காது என்று அர்த்தமில்லை, உள்ளே நீர் நின்றாலும் அப்படிக் காட்டுமாம், அதனால் பதினைந்து நாளில் திரும்ப வரச் சொல்வார்கள். இதைச் செய்கிற அம்மாளை நாங்கள் காதம்மா என்போம், நேருக்கு நேராகவே, அவர் கோபித்துக்கொள்வதில்லை. சிக்கல் என்னவென்றால் பாதிப் பேர் திரும்ப வருவதில்லை, வந்து குறை உறுதியானவர்களுக்கும் ஒரு சீட்டைக் கொடுத்து ஊரின் மறுகோடியில் காது கேளாத குழந்தைகளுக்காக இருக்கிற பயிற்சி மையத்துக்குப் போகச் சொல்வதோடு சரி, போனார்களா என்று இங்கே தெரியாது, வருவார்களா என்று அங்கே தெரியாது. என் வண்டியில் பன்னிரண்டு நிமிஷ தூரம், ஒரு காகிதம் போய்ச் சேர ஆறு வாரம்.

ஐந்து வாரத்துக்கு முன் காதம்மா என் வண்டியில் ஏறியபோது, தபாலில் திரும்பி வந்த கடிதம் ஒன்று அவர் கையில் இருந்தது. பெண் குழந்தை, இரண்டு காதுக்கும் மறுபடி என்று வந்தது, ஆனால் யாரும் வரவில்லை, போன் அணைந்து கிடக்கிறது, பிறந்து ஒன்பது வாரம் ஆகிவிட்டது. மூணு மாசத்துக்குள்ள உறுதியா தெரிஞ்சுக்கணும், ஆறு மாசத்துக்குள்ள பயிற்சி ஆரம்பிக்கணும், அப்பதான் பேச்சு வயசுக்குத் தக்கபடி வரும், நாள் ஓடுதே அண்ணா என்றார். முகவரியை வாங்கிப் பார்த்தேன், நாற்பத்தொன்று என்று இருந்தது, அந்தத் தெருவில் இருபது வீடுகூடக் கிடையாது. பதினாலைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இதுகூடவா தெரியாது.

காதம்மாவும் நானும் நேரே அங்கே போனோம். பதினாலில் தச்சுப் பட்டறை, பின்பக்கம் வீடு. மின் ரம்பம் போட்ட சத்தத்தில் எங்களுக்குப் பல் கூசியது, அதற்கு நாலடி தள்ளித் தனியாக நின்ற வேலைப் பலகையின் மேல் ஒரு கூடைக்குள் பாப்பா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டு ரம்பத்தை நிறுத்திய தச்சர், விஷயத்தைச் சொன்னதும், சார் என் பொண்ணுக்குக் காது நல்லா கேக்குது, சுத்தியலால அடிச்சா திடுக்குன்னு முழிக்கும் பாருங்க என்று அந்தப் பலகையில் ஓங்கி அடித்தார். பாப்பா தூக்கிவாரிப் போட்டு விழித்தது. காதம்மா கூடையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, இப்ப அடிங்க என்றார். அடித்தார். பாப்பா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, முதலில் அதை எழுப்பியது பலகையின் அதிர்வுதான், சத்தமில்லை. இன்னொரு முறை பலமாக அடித்தார், மூன்றாவது முறைக்குச் சுத்தியலைத் தூக்கினவர் அப்படியே மெல்லக் கீழே வைத்துவிட்டார். உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி, எங்க வம்சத்துல யாருக்கும் இப்படிக் கிடையாது, பச்சப் பிள்ளையப் பார்த்து இப்படிச் சொல்லாதீங்க, கிளம்புங்க என்று அழுதார். அந்த இடத்தில் உன்னைக் கேட்காமல் உன் கதையைச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். கூப்பிட்டால் திரும்பாத உன்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்ததையும், ஒரு நாள் கை நீட்டியதையும், நாலு வயதில் பள்ளிக்கூட டீச்சர் சொல்லித்தான் புரிந்துகொண்டதையும் மறைக்காமல் சொன்னேன். எங்க கதவ அப்ப யாரும் வந்து தட்டலம்மா, உங்க கதவ நாங்க தட்டியிருக்கோம் என்றேன். நீ வேலை பார்க்கிற பாலத்தின் மேல் தலைக்கவசத்தோடு நிற்கிற உன் படத்தைக் காட்டினேன். இவங்க பேசுவாங்களா என்று தச்சர் மனைவி கேட்டார். பேச ஆரம்பிச்சா நிறுத்தத்தான் ஆள் வைக்கணும் என்றேன், அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்.

மறுநாளே வந்தார்கள். சோதனை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, இரண்டு காதிலும் குறை உறுதியானது. காதம்மா வழக்கமான சீட்டைக் கொடுக்கவில்லை. முன்கூட்டியே மையத்தோடு பேசி, அங்குள்ள டீச்சரை என் வண்டியிலேயே வரவழைத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். அந்த டீச்சர் முடியை ஒதுக்கித் தன் காதுக்குப் பின்னால் இருந்த மெஷினைக் காட்டிவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். முகம் பார்த்து எப்படிப் பேசுவது, கையால் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கே முதல் பாடம், அந்த வாரமே காதுக்கு அளவும் எடுத்தார்கள். போன வெள்ளிக்கிழமை மெஷின் மாட்டினார்கள். தச்சர் குனிந்து பாப்பா என்று கூப்பிட்டார், சப்பிக்கொண்டிருந்த வாய் நின்றது, கண் அகலமாக விரிந்து அவர் முகத்தைத் தேடியது. அவர் சற்று ஒதுங்கி, நீ கூப்பிடு என்று மனைவிக்குச் சைகை காட்டினார். நான் கதவோரம் சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை பெரிய டாக்டர் கூட்டம் போட்டு உன் அப்பனுக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார். இனி ஆஸ்பத்திரிக்கும் மையத்துக்கும் ஒரே பதிவேடு, மறுபடி என்று வந்த குழந்தையின் விவரம் அன்றே இரண்டு பக்கமும் தெரியும், செவ்வாய்தோறும் மையத்து டீச்சர் இங்கே வந்து உட்காருவார், குடும்பம் வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே அடுத்த தேதி கையில் இருக்கும். நீங்க ஏதாவது சொல்லணுமா என்று என்னைக் கேட்டார். சொந்தக்காரங்க நம்பர் ஒண்ணு சேர்த்து வாங்குங்க, வீட்டுக்கு எதிரே என்ன கடைன்னு எழுதுங்க, வீட்டு நம்பரை மாத்தி எழுதுவாங்க, கடையை மாத்தி எழுத மாட்டாங்க என்றேன். மறுநாளே படிவத்தில் எதிர்க்கடை என்று ஒரு கட்டம் முளைத்துவிட்டது. இன்னும் ஏழு குடும்பங்களைக் கண்டுபிடிக்க வேண்டும், சனிக்கிழமை நானும் காதம்மாவும் கிளம்புகிறோம்.

இப்போது உனக்கு ஒரு வேலை. சின்ன வயதில் வீட்டில் யார் எப்படிப் பேசினால் உனக்குப் புரிந்தது, எதைச் செய்தால் உன்னை ஒதுக்கின மாதிரி இருந்தது என்று தச்சர் மனைவி என்னிடம் கேட்டார். எனக்கு அது தெரியவில்லை அம்மா. இத்தனை வருஷத்தில் நான் உன்னை அதைக் கேட்டதே இல்லை. அவருக்கு நீயே எழுது, அப்பா அம்மா மனம் நோகுமே என்று எதையும் விட்டுவிடாதே. அந்த உறையை ஒட்டாமல் எனக்கு எழுதும் கடிதத்தோடு வைத்து அனுப்பு, நான் முழுக்கப் படித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ எங்கள் இருவருடைய ஆசியும். காதுக்குப் பின்னால் மெஷின் உரசிப் புண்ணானதாக எழுதியிருந்தாயே, நாளை நாளை என்று தள்ளாமல் டாக்டரிடம் காட்டு.

உன் அப்பா